இரண்டு வருடம் கழித்து யாரும் எழுதுவதில்லை

ஒருவர் கேட்டிருந்த கேள்வி இதுதான்: "ஒரு சின்ன கம்பெனியில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் அப்ளிகேஷனை மைக்ரோசர்வீஸ்களாக, அதாவது தனித்தனியாக ஓடும் சின்னச் சின்ன புரோகிராம்களாக, பிரிக்கப் போவதாக டீம் லீட் சொன்னார். இப்போது என்ன பிரச்சினை, எதற்காகப் பிரிக்கிறோம் என்று கேட்டேன். 'இன்னும் அந்தக் காலத்துலயே இருக்கியேப்பா' என்று எல்லோரும் சிரித்தார்கள். நாள் முழுக்க லாஜிக்கோடு மல்லுக்கட்டுகிறவர்கள், தங்களுக்குப் பிடித்த டெக்னாலஜி என்று வந்ததும் ஏன் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை?"

உங்கள் லீடைக் குறை சொல்லும் முன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2016-ல் அந்த லீட் நான்தான்.

மொத்த வியாபாரக் கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் அது. நாங்கள் ஆறு பேர். ஒரே அப்ளிகேஷன், ஒரே டேட்டாபேஸ். கடைக்காரர் பில் போட்டால் பில் டேபிளில் ஒரு வரி ஏறும், ஸ்டாக் டேபிளில் எண்ணிக்கை குறையும். இரண்டும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் இருந்தன. நடந்தால் இரண்டும் நடக்கும், நடுவில் ஏதாவது கோளாறு என்றால் இரண்டுமே நடக்காது. நான் அதைப் பதினொரு சர்வீஸ்களாக உடைத்தேன். பில்லிங் ஒரு பக்கம், ஸ்டாக் இன்னொரு பக்கம், நடுவில் செய்தி கொண்டுபோக ஒரு மெசேஜ் க்யூ. போர்டில் வரைந்து பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் இரவு ஒன்பது மணிக்கு ஒரு கடைக்காரர் போன் செய்தார். "சார், குடோன்ல நாப்பது மூட்டை அடுக்கி வச்சிருக்கேன். உங்க கம்ப்யூட்டர் முப்பத்தாறுங்குது. மிச்ச நாலு எங்க போச்சு?" தேடினோம். நாலு மூட்டைக்கு ஒரு பில் போட்டிருக்கிறார். ஸ்டாக் சர்வீஸ் செய்தியை வாங்கி நாலைக் குறைத்துவிட்டது. 'வாங்கிக்கொண்டேன்' என்று பதில் சொல்வதற்குள் நெட்வொர்க் அறுந்தது. பதில் வராததால் க்யூ அதே செய்தியை மறுபடி அனுப்பியது, ஸ்டாக் சர்வீஸும் சமர்த்தாக மறுபடி நாலைக் குறைத்தது. க்யூ என்றால் இப்படித்தான் இருக்கும், ஒரே செய்தி இரண்டு தடவை வந்தால் வாங்குகிற பக்கம்தான் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க மூன்று சர்வீஸ்களின், நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் லாக் ஃபைல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். ஒரு மெஷினின் கடிகாரம் வேறு மூன்று நொடி பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. முன்பு டேட்டாபேஸ் இலவசமாகச் செய்து கொடுத்துக்கொண்டிருந்த வேலையை நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு தப்பாகச் செய்திருக்கிறோம்.

நான் சொல்ல வந்தது அடுத்த மாதம் நடந்தது. உள்ளூர் டெவலப்பர் கூட்டம் ஒன்றில் 'நாங்கள் மைக்ரோசர்வீஸுக்கு மாறிய கதை' என்று நாற்பது நிமிடம் பேசினேன். கட்டம் கட்டமாகப் படம், அம்புக்குறிகள். அந்த நாலு மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்ததாக ஞாபகமே இல்லை, அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. என் மனக்கணக்கில் அது 'எங்கள் தவறு', ஆர்க்கிடெக்சர் (மொத்த வடிவமைப்பு) மட்டும் சரி. கேட்டுக்கொண்டிருந்த அறுபது பேரில் ஒருவரும் "மாறியதால் எந்த எண் குறைந்தது, எந்த எண் கூடியது?" என்று கேட்கவில்லை. கைதட்டினார்கள். அதில் நாலைந்து பேராவது ஊருக்குப் போய் தங்கள் அப்ளிகேஷனை உடைத்திருப்பார்கள்.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்பார்களே, அதுதான் நடந்தது. புலி நெட்ஃபிளிக்ஸ். 2008 ஆகஸ்டில் அவர்களுடைய டேட்டாபேஸ் கெட்டுப்போய் மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் போனது. அந்த அடியில் ஆரம்பித்த மாற்றம் 2016 ஜனவரியில்தான் முடிந்தது, ஏழு வருடத்துக்கு மேல். நூற்றுக்கணக்கான இன்ஜினியர்கள், ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் தனித்தனியாக டெப்ளாய் செய்ய (தங்கள் மாற்றங்களை இயங்கவிட) வேண்டிய நிலைமை. ஆறு பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்து டீ குடிக்கும் எங்களுக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. மைக்ரோசர்வீஸ் என்ற சொல்லைப் பரவலாக்கிய கட்டுரையை, சாஃப்ட்வேர் வடிவமைப்பு பற்றி எழுதும் மார்ட்டின் ஃபவுலரும் ஜேம்ஸ் லூயிஸும் 2014 மார்ச்சில் எழுதினார்கள். அடுத்த வருடமே ஃபவுலர், முதலில் ஒற்றை அப்ளிகேஷனாகக் கட்டுங்கள், தேவை வந்தால் பிரியுங்கள் என்று தனியாக எழுதினார். முதல் கட்டுரையை நான் மூன்று முறை படித்திருந்தேன். இரண்டாவது வெளிவந்ததே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் படித்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அப்புறம் திரும்பி வந்தவர்களின் கதைகள் வர ஆரம்பித்தன. செக்மென்ட் என்ற கம்பெனி 140-க்கும் மேற்பட்ட சர்வீஸ்களை மறுபடி ஒன்றாகச் சேர்த்ததை 2018-ல் வெளிப்படையாக எழுதியது. 2023-ல் அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, வீடியோ தரத்தைக் கண்காணிக்கும் ஒரு கருவியைத் துண்டு துண்டான அமைப்பிலிருந்து ஒரே புராசஸுக்குள் (ஓடும் ஒரே புரோகிராமுக்குள்) கொண்டுவந்ததில் செலவு 90 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அது ஒரே ஒரு கண்காணிப்புக் கருவியைப் பற்றிய அறிக்கை. பிரைம் வீடியோ முழுவதும் அப்படி மாறிவிட்டதாக அதில் எங்கும் இல்லை. ஆனால் அது வந்த வாரம் "அமேசானே கைவிட்டுவிட்டது, மைக்ரோசர்வீஸ் செத்துவிட்டது" என்று ஒரே கொண்டாட்டம். பிரிக்கும்போது கேள்வி கேட்காத அதே கூட்டம், சேர்க்கும்போதும் கேட்கவில்லை.

டேட்டாபேஸ் உலகத்தில் இதே கூத்து இன்னும் முன்னாலேயே நடந்தது. மோங்கோடிபி வந்த புதிதில் அதன் எழுதும் வேகத்தைப் பார்த்து வாய் பிளந்தோம். 2012 நவம்பர் வரை, நம் புரோகிராமை அதோடு இணைக்கும் டிரைவர்கள் இயல்பாகவே, தகவலை அனுப்பிவிட்டு, சர்வரில் ஏறியதா என்ற பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். தபால்பெட்டியில் கடிதத்தைப் போட்ட நேரத்தை, கடிதம் போய்ச் சேர்ந்த நேரமாகக் கணக்கு வைத்தது போல. இது ரகசியமும் இல்லை, அதன் கையேட்டிலேயே இருந்தது. பல பதிவுகளில் ஒரே சமயத்தில் மாற்றம் செய்யும் டிரான்ஸாக்‌ஷன் அதற்கு 2018-ல்தான் வந்தது. இன்றைய மோங்கோடிபி வேறு சரக்கு, அதை இதை வைத்துத் திட்ட வேண்டாம். நாங்கள் அன்று வேகத்தை ஒப்பிடும் பெஞ்ச்மார்க் படத்தைப் பார்த்தோமே தவிர, அது எதை அளந்தது என்று பார்க்கவில்லை.

சரி, ஏன் இப்படி? உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி அதுதான்.

முதல் காரணம் சாதாரணமானது: விளைவைப் பார்க்க யாரும் இருப்பதில்லை. நம் தொழிலில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வேலை மாறுவது சகஜம். புது டெக்னாலஜியைக் கொண்டுவந்தவர், அதன் வலி தெரிய ஆரம்பிக்கும் நேரத்தில் நோட்டீஸ் பீரியடில் இருப்பார். அவருடைய ரெஸ்யூமேயில் 'மைக்ரோசர்வீஸ் மாற்றத்தை முன்னின்று நடத்தியவர்' என்ற வரி நிரந்தரமாக இருக்கும். அந்த புரோகிராம் கோடைப் பராமரிப்பவர் புதிதாகச் சேர்ந்தவர். அவருக்குப் பழையது எப்படி இருந்தது என்றே தெரியாது, ஒப்பிட என்ன இருக்கிறது? வேலை விளம்பரத்தைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் பில் போடுகிற கம்பெனிகூட, பெரிய அமைப்புகளுக்கான கருவிகளான குபெர்னெட்டிஸ், காஃப்கா தெரிந்த ஆள் வேண்டும் என்கிறது. வீட்டில் இஎம்ஐ கட்டுகிறவன் அந்த இரண்டையும் எங்கே கற்றுக்கொள்வான்? இருக்கிற கம்பெனியின் செலவில்தான். இதில் அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

இதனால் நமக்குப் படிக்கக் கிடைப்பதெல்லாம் கல்யாண ஆல்பம் மாதிரி ஆகிவிட்டது. மாறிய அன்று, அல்லது மாறி ஆறு வாரத்தில் எழுதியவை. இரண்டு வருடம் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதுகிறவர் மிகக் குறைவு. செக்மென்ட் கட்டுரை இவ்வளவு பேசப்பட்டதற்குக் காரணமே அது அபூர்வம் என்பதுதான்.

இரண்டாவது, கருவி நம் அடையாளமாகிவிடுவது. ஒரு மொழியைக் கற்க இரண்டு வருடம் செலவழித்தவரிடம் அதைப் பற்றிக் குறை சொன்னால், அவருக்கு அது தன்னைச் சொன்னதாகவே கேட்கும். ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியின் சமூகத்தில் 2020 ஜனவரியில் நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். ஆக்டிக்ஸ் என்ற வெப் ஃப்ரேம்வொர்க்கில் 'அன்சேஃப்' கோட் (மொழியின் பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டிப்போகும் கோட்) அதிகம் என்று ஆரம்பித்த விமர்சனம், அதைப் பராமரித்தவரையே தனிப்பட்ட முறையில் தாக்குவதாக வளர்ந்து, அவர் வெறுத்துப்போய் விலகும் அளவுக்குப் போனது. பிறகு வேறொருவர் பொறுப்பேற்றார். விமர்சனத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மொழியின் தூய்மையைக் காப்பாற்ற, அந்த மொழியில் எழுதிக்கொண்டிருந்த ஒருவரை விரட்டியதுதான் மிச்சம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது. 'நீங்கள் சரியாகச் செய்யவில்லை' என்ற பதில். சின்னச் சின்னப் படிகளாக வேலை செய்யும் அஜைல் முறை தோற்றால், நீங்கள் செய்தது உண்மையான அஜைல் இல்லை. கோடுக்கு முன்பே டெஸ்ட் எழுதும் டிடிடி முறை உதவவில்லையா, நீங்கள் டெஸ்ட் எழுதிய விதம் தப்பு. மைக்ரோசர்வீஸ் வலித்ததா, சர்வீஸ்களுக்கு நடுவே எல்லையைப் போட்ட இடம் தப்பு. நேர்த்திக்கடன் பலிக்கவில்லை என்றால் பக்தனின் விரதத்தில் குறை என்பது போலத்தான். சாமி தோற்கவே தோற்காது. அஜைல் அறிக்கையை 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸ்னோபேர்டில் 17 பேர் சேர்ந்து எழுதினார்கள். அதில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ் 2018-ல், டெவலப்பர்கள் அஜைலைக் கைவிட வேண்டும் என்றே தலைப்பு வைத்து எழுதினார். பெயரைச் சொல்லிக்கொண்டு கம்பெனிகள் திணிப்பதைத்தான் அவர் சாடினார், அடிப்படைக் கொள்கைகளை விடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படிப் பார்த்தால் அவரும் பாதி அந்தப் பதிலைத்தான் சொல்கிறார்.

ஆதாரம் இருந்தால் மனம் மாறுவார்களா என்றால், ஆதாரத்தையும் நாம் அதே ஆர்வத்தோடுதான் படிக்கிறோம். எந்த புரோகிராமிங் மொழியில் பக் (பிழை) குறைவு என்று பார்க்க, கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருந்து 729 புராஜெக்ட், 17 மொழிகளை எடுத்து ஒரு ஆய்வு 2014-ல் வெளிவந்தது. வித்தியாசம் சிறியது என்று ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். அதைத் தாண்டிவிட்டு, 'ஃபங்ஷனல் மொழிகளே சிறந்தவை என்று நிரூபணமாகிவிட்டது' என்று ஊரெல்லாம் பரப்பினோம். 2019-ல் வேறொரு குழு அதே தரவை எடுத்துத் திரும்பச் செய்து பார்த்தது. அதில் ஒரு மொழியான டைப்ஸ்கிரிப்ட் வெளிவந்தது 2012 அக்டோபரில். ஆனால் தரவில் அதற்குப் பல வருடம் முன்பே டைப்ஸ்கிரிப்ட் கோட் இருந்தது! எப்படி என்று தோண்டினால், டிஎஸ் என்று முடியும் ஃபைல்களையெல்லாம் டைப்ஸ்கிரிப்ட் என்று எண்ணியிருக்கிறார்கள். அவற்றில் ஏராளமானவை திரையில் வரும் வாசகங்களின் மொழிபெயர்ப்பை வைத்திருக்கும் ஃபைல்கள், அதில் ஒரு வரி புரோகிராம்கூடக் கிடையாது. மொழிபெயர்ப்பு ஃபைலில் பக் குறைவாக இருந்ததை வைத்து ஒரு மொழிக்கு மார்க் போட்டிருக்கிறோம். இதுபோன்ற தவறுகளைச் சரிசெய்த பிறகு, முதலில் பக்கோடு தொடர்பு இருப்பதாகச் சொல்லப்பட்ட 11 மொழிகளில் 4 மட்டுமே மிஞ்சின, அதிலும் விளைவு மிகச் சிறியது. முதல் ஆய்வை மேற்கோள் காட்டாத நண்பன் எனக்கு இல்லை. இரண்டாவதை நான் சொல்லித்தான் பலர் கேள்விப்பட்டார்கள்.

இப்போதைய ஏஐ கருவிகளுக்கு வருவோம். மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்கள், அவர்களுக்குப் பல வருடமாகப் பழகிய கோட், 246 வேலைகள். ஒவ்வொரு வேலைக்கும் ஏஐ பயன்படுத்தலாமா கூடாதா என்பதைக் குலுக்கிப்போட்டு முடிவுசெய்தார்கள். ஆரம்பிக்கும் முன், ஏஐ இருந்தால் 24 சதவீதம் நேரம் மிச்சமாகும் என்று டெவலப்பர்கள் கணித்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தால் ஏஐ அனுமதித்த வேலைகளுக்கு 19 சதவீதம் அதிக நேரம் ஆகியிருந்தது. எல்லாம் முடிந்த பிறகு, எவ்வளவு மிச்சமாயிற்று என்று கேட்டார்கள். 20 சதவீதம் மிச்சம் என்றார்கள்.

அந்தக் கடைசி எண்ணைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 16 பேர் சின்னக் கூட்டம், கருவிகள் அதற்குப் பிறகு மாறிவிட்டன, புதிதாகத் தொடங்கும் கோடுக்கு இது பொருந்தாமல் போகலாம். எல்லாம் சரி. ஆனால் தன் கையால் செய்த வேலை, தானே உட்கார்ந்து செய்தது, அது வேகமாக நடந்ததா மெதுவாக நடந்ததா என்பதே தெரியவில்லை. அதுவும் ஒரு ஃபங்ஷன் பத்து மில்லிசெகண்ட் அதிகம் எடுத்தால், நேரம் எங்கே போகிறது என்று காட்டும் புரொஃபைலரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்களுக்கு! என் நாற்பது நிமிடப் பேச்சில் நான் பொய் சொன்னேனா என்று ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. இதைப் படித்த பிறகு உறுத்தல் கொஞ்சம் குறைந்தது. நிஜமாகவே எங்கள் வேலை வேகமாகிவிட்டதாகத்தான் அன்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

ஆர்வமே கூடாது என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் நான் சொன்னது தப்பாகிவிடும். ரஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ரசிகர்களைப் பார்த்துச் சலித்துக்கொண்ட ஆள் நான். ஆனால் ஆண்ட்ராய்டில் புதிய கோடை மெமரி பிழைகளுக்கு இடம் கொடுக்காத, ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுத ஆரம்பித்த பிறகு, பாதுகாப்பு ஓட்டைகளில் அந்த வகைப் பிழைகளின் பங்கு 2019-ல் 76 சதவீதமாக இருந்தது 2024-ல் 24 சதவீதமாகக் குறைந்ததாக கூகுள் வெளியிட்டது. ஐந்து வருடம் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இதற்கு முன்னால் என் சலிப்புக்கு மதிப்பில்லை. சந்தேகப்படுவதும் சில சமயம் புதிதைப் படிக்க வேண்டியிருக்குமே என்ற சோம்பேறித்தனம்தான். இதை எழுதும்போதே எனக்கு இரண்டு மூன்று சந்தர்ப்பங்கள் ஞாபகம் வருகின்றன.

தன்னைத் தானே திரும்பிப் பார்த்தவர்களும் உண்டு. கணினி அறிஞர் டோனி ஹோர் 1965-ல் தான் ஆல்கால் டபிள்யூ மொழியில் சேர்த்த, எதையும் சுட்டாத வெற்றுக் குறியீடான நல் ரெஃபரன்ஸைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று 2009-ல் மேடையேறிச் சொன்னார். ஜாவாஸ்கிரிப்ட் மொழியை சர்வரில் ஓட வைக்கும் நோட்.ஜேஎஸை உருவாக்கிய ரயன் டால் 2018-ல், எந்த மாநாட்டில் அதை 2009-ல் அறிமுகப்படுத்தினாரோ அதே மாநாட்டில், 'நோட் பற்றி நான் வருந்தும் பத்து விஷயங்கள்' என்று தலைப்பு வைத்துப் பேசினார். பிறர் எழுதிய கோடைக் குவித்துவைக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரும் அதில் ஒன்று. எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். ஆனால் பேச்சின் முடிவில், அதே வேலைக்கு டீனோ என்று ஒரு புதிய முயற்சியையும் காட்டினார். எங்கள் ஆபீஸில் மறுநாள் பேசப்பட்டது டீனோ மட்டும்தான். ஒரு பையன் மத்தியானத்துக்குள் இன்ஸ்டால் செய்துவிட்டு, "அண்ணா, இது வேற லெவல்" என்றான். பத்து வருத்தங்களில் ஒன்றைச் சொல்லு பார்ப்போம் என்றேன். சிரித்தான்.

இனி உங்கள் லீடிடம் என்ன பேசுவது? 'எதற்காக' என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள், அது அவருக்குச் சவாலாகக் கேட்கும். தனியாக டீ குடிக்கும்போது, "இப்ப எது நம்மளை ரொம்பப் படுத்துது, மாறினா அது எவ்வளவு குறையும்னு ஒரு பக்கத்துல எழுதி வச்சுக்கலாமா?" என்று கேளுங்கள். டெப்ளாய் செய்ய இப்போது எத்தனை நிமிடம், வாரத்துக்கு எத்தனை பக், ஒரு பக்கைக் கண்டுபிடிக்க எத்தனை மணி நேரம். மாறிய பிறகு எவ்வளவாக இருக்கும் என்று அவருடைய கணிப்பு, உங்களுடைய கணிப்பும். திரும்பிப் போக வேண்டுமென்றால் என்ன செலவு. எந்தத் தேதியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது. ஆர்க்கிடெக்சர் முடிவுகளைச் சின்னக் குறிப்பாக எழுதி கோடோடு சேர்த்து வைக்கும் வழக்கத்தை மைக்கேல் நைகார்ட் 2011-லேயே எழுதிவிட்டார். பல குழுக்கள் செய்கிறார்கள். தேதி போட்டுத் திரும்பத் திறப்பதைத்தான் நான் அதிகம் பார்த்ததில்லை. எழுதிப் பார்த்தால் உங்கள் லீட் சொல்வதே சரி என்றும் தெரியலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். போன வருடம், கோடை ஓடும் புரோகிராமாக மாற்றித்தரும் ஒரு புது பில்ட் கருவிக்கு மாறினோம், நான்தான் அடம்பிடித்தேன். பதினான்கு நிமிட பில்ட் ஐந்து நிமிடமாகும் என்பது என் கணிப்பு. ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது ஒன்பதில் நின்றது. மொத்தம் எழுதியிருந்த நான்கு கணிப்புகளில் ஒன்றுதான் பலித்திருந்தது. அந்தப் பக்கத்தில் 'ஏன் மாற வேண்டும்' என்ற தலைப்பின் கீழ் ஐந்து காரணங்கள். நான்கு காரணங்கள் என் எழுத்து. ஐந்தாவதை அந்த டீனோ பையன் எனக்குத் தெரியாமல் சேர்த்திருக்கிறான்: 'அண்ணனுக்கு ஆசையா இருக்கு.'